பிள்ளை நல்லா இருக்கு, அம்மா எப்படி இருக்காங்க? பிரசவத்திற்குப் பிந்திய மனச்சோர்வை அறிவதும் சமாளிப்பதும்

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் நாம் என்ன கேட்போம்? "எத்தனை கிலோ?", "பால் நல்லா குடிக்குதா?", "மஞ்சக் காமாலை இருந்துச்சா?", "யார் ஜாடை?" எல்லாமே குழந்தையைப் பற்றிய கேள்விகள். பெற்றவளிடம் சொல்வது ஒன்றுதான்: "நல்லா சாப்பிடும்மா, அப்பதான் பால் ஊறும்."

"நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு. கேட்டிருந்தால் சில வீடுகளில் அந்தத் தாய் வாய் திறந்து பேசியிருப்பார். பிரசவத்திற்குப் பிந்திய மனச்சோர்வு பல நேரங்களில் வெளியே தெரியாமல் போவதற்கு முக்கியக் காரணமே, யாரும் கேட்காததுதான்.

இது என்ன நோய், சாதாரண அசதியிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது, பினாங்கில் இருக்கும் ஒரு தாயோ அவரின் குடும்பமோ எங்கே போகலாம், வீட்டில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

மூன்றையும் ஒன்றாக நினைக்காதீர்கள்

பிரசவத்திற்குப் பிறகு வரும் மனமாற்றங்களை மருத்துவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, 'பேபி புளூஸ்'. பிரசவமான இரண்டு, மூன்று நாளில் தொடங்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வரும். பெற்ற தாய்மார்களில் பாதிப் பேருக்கும் மேல் இதை அனுபவிக்கிறார்கள். ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் இதற்குக் காரணம். இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஓய்வும் ஆறுதலும் போதும், மருந்து தேவையில்லை.

இரண்டாவது, பிரசவத்திற்குப் பிந்திய மனச்சோர்வு. இந்தச் சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் போகாது. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தொடங்கும். சிலருக்குக் கர்ப்ப காலத்திலேயே ஆரம்பித்திருக்கும். சிலருக்கு நான்கு, ஐந்து மாதம் கழித்துக்கூட வரும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இதைக் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். இது தானாகப் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது. சிகிச்சை தேவை, சிகிச்சையால் குணமாகும்.

மூன்றாவது, பிரசவ கால மனப்பிறழ்வு. இது அரிது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில்தான் வரும். ஆனால் வந்தால் அவசர நிலை. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், திடீரென்று தொடங்கும். தூக்கமே இல்லாமல் துறுதுறுவென்று இருப்பது, இல்லாத குரல் கேட்பது, "யாரோ பிள்ளையைத் தூக்கிட்டுப் போகப் பார்க்கிறாங்க" என்று உறுதியாக நம்புவது, பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது ஆகியவை இதன் அறிகுறிகள். நம் வீடுகளில் இதைக் 'காத்து கருப்பு' என்று நினைத்து முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போவதும் உண்டு. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்கும் போயாக வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல், பெரும்பாலான நாட்களில் கீழே உள்ளவற்றில் பல இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

• நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது, அடிக்கடி அழுவது அல்லது அழக்கூட முடியாமல் மரத்துப்போவது
• முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது
• குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராதது
• பசியே இல்லாதது அல்லது அளவு மீறிச் சாப்பிடுவது
• "நான் நல்ல அம்மா இல்ல", "இந்தப் பிள்ளைக்கு வேற அம்மா கிடைச்சிருக்கலாம்" என்ற குற்ற உணர்வு
• குழந்தையோடு ஒட்டுதல் வராதது, அல்லது குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நொடிக்கு நொடி பயப்படுவது
• காரணமின்றி எரிச்சல், கணவர் மீதும் மூத்த பிள்ளைகள் மீதும் சீறி விழுவது
• செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம்

நம் பெண்கள் இதைப் பெரும்பாலும் "மனசு சரியில்லை" என்று சொல்வதில்லை. "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு", "தலை பாரமா இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "கை கால் அசதி" என்று உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள். வீட்டில் உள்ளவர்களும் "தையல் போட்ட அசதி", "ரத்தம் கம்மி" என்று விட்டுவிடுவார்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி அசதியைக் கொடுக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். ரத்தம் சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றால் மனதையும் பார்க்க வேண்டும்.

உலகம் முழுக்க இதற்குப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் உருவான 'எடின்பர்க்' அளவுகோல் அது. மொத்தம் 10 கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. அதிகபட்சப் புள்ளி 30. மலாய் மொழியிலும் இது இருக்கிறது. புள்ளி அதிகமாக வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அர்த்தம். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால், மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

வீட்டில் கேட்பதற்கு அத்தனை கேள்விகள் வேண்டாம். மருத்துவர்களே முதல் கட்டத்தில் கேட்கும் இரண்டு கேள்விகள் போதும். "கடந்த ஒரு மாசத்துல மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி அடிக்கடி இருந்துச்சா?" "எதைச் செஞ்சாலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாம இருந்துச்சா?" இரண்டில் ஒன்றுக்கு 'ஆமா' என்றாலும் அடுத்த படிக்குப் போங்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் பிரசவித்த பெண்களில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பிரச்சினை ஏற்படுகிறது. அதில் மனச்சோர்வே முதன்மையானது. வளரும் நாடுகளில் இது 20 விழுக்காட்டை நெருங்குகிறது.

மலேசியாவில் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வில், 4.4 விழுக்காட்டுத் தாய்மார்களிடம் இது காணப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஆய்வில் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. 1997இல் வெளியான ஒரு சிறிய மலேசிய ஆய்வில், மற்ற இனப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் "நம்ம ஆளுங்களுக்கெல்லாம் இது வராது" என்று சொல்லவும் முடியாது.

வீடு நிறைய ஆள் இருந்தும் ஏன்?

"கூடவே அம்மா இருக்காங்க, மாமியார் இருக்காங்க, வேளாவேளைக்குச் சாப்பாடு வருது. அப்புறம் என்ன சோகம்?" பலரும் கேட்கும் கேள்வி இது.

தமிழ்நாட்டில் வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. அங்கே 11 விழுக்காட்டுப் பெண்களுக்குப் பிரசவத்திற்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தபோது கிடைத்த காரணங்கள் நமக்கும் பழக்கமானவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நடந்த துயரம், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது.

அவையெல்லாம் சொந்தபந்தம் சூழ்ந்த கிராமத்து வீடுகள். ஆகவே, வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் அந்தப் பெண்ணிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே முக்கியம்.

பினாங்கிலும் இதன் இன்னொரு முகம் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் கணவர் ஷிஃப்ட் வேலை பார்ப்பார். பெண்ணின் அம்மா வீடு கெடாவிலோ பேராக்கிலோ இருக்கும். பத்தியம் முடிந்து அம்மா ஊருக்குப் போனதும், ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ ஒரு பிளாட்டில் தாயும் குழந்தையும் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் இருப்பார்கள். சோர்வு தலைதூக்குவது பல நேரங்களில் அப்போதுதான்.

இவை தவிர, முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், குறைமாதக் குழந்தை பெற்றவர்கள், பிரசவத்தில் உயிருக்குப் போராடியவர்கள், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், வீட்டில் அடி உதை படுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். எந்தக் காரணமும் இல்லாமலும் வரலாம். இது யாருடைய தப்பும் இல்லை.

பத்தியம் நல்லதா, கெட்டதா?

பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, மிளகு ரசம், காய மருந்து, எண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல். நம் பத்தியத்தின் நோக்கமே தாய்க்கு ஓய்வு கொடுப்பது. மலாய்க்காரர்கள் 44 நாள் 'பந்தாங்' இருக்கிறார்கள், சீனர்கள் ஒரு மாதம் இருக்கிறார்கள். மூன்று இனமும் ஒன்றைப் புரிந்து வைத்திருக்கிறது: பெற்றவளுக்குச் சில வாரமாவது வேலை வைக்கக் கூடாது.

அந்த ஓய்வு உண்மையில் கிடைத்தால் பத்தியம் மனதுக்கும் நல்லது. ஆனால் "வெளியே போகாதே, ஜன்னலைத் திறக்காதே, போன் பார்க்காதே, தண்ணி நிறைய குடிக்காதே" என்று தடைகள் மட்டும் மிஞ்சி, ராத்திரி முழுக்கப் பிள்ளையை அவளே பார்க்க வேண்டியிருந்தால், அது ஓய்வு ஆகாது. பால் கொடுக்கும் தாய் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். சாப்பாட்டில் எதைக் குறைத்தாலும் கூட்டினாலும், முடிவு எடுப்பதில் அந்தப் பெண்ணுக்கும் இடம் இருக்கட்டும்.

பினாங்கில் எங்கே போவது?

முதல் கதவு உங்கள் வீட்டுக்கே வருகிறது. பிரசவமான முதல் மூன்று வாரத்தில் அரசாங்கக் கிளினிக்கின் தாதி, நாம் 'மிஸ்ஸி' என்று சொல்பவர், பல முறை வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். தொப்புளையும் தையலையும் காட்டும்போது மனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்தில் மாமியாரோ கணவரோ இருப்பதால் பேச முடியவில்லை என்றால், "உங்ககிட்ட தனியா பேசணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாவது வாய்ப்பு, ஒரு மாதச் சோதனை. அதை விட்டுவிட்டாலும் குழந்தைக்கு 2, 3, 5 மாதங்களில் தடுப்பூசி போட எப்படியும் கிளினிக்குக்குப் போவீர்கள். அன்றைக்குச் சொல்லலாம். சாதாரண நாளிலும் உங்கள் வட்டாரத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி.

தாதியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்க வேண்டாம். மலாயில் இப்படிச் சொன்னால் போதும்: "சாயா ராசா மூரோங் லெப்பாஸ் பெர்சாலின். சாயா நக் ஜும்பா டொக்டர்." பிள்ளை பெற்ற பிறகு மனம் சோர்ந்து இருக்கிறேன், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். தாளில் எழுதிக் காட்டினாலும் சரி.

கிளினிக் டாக்டர் தேவைப்பட்டால் ஜார்ஜ்டவுன், ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்.

தொலைபேசியில் பேச வேண்டுமா? சுகாதார அமைச்சின் 'ஹீல்' எண் 15555, காலை 8 மணி முதல் நள்ளிரவு 12 வரை. 'தாலியான் காசே' 15999, 24 மணி நேரமும். வீட்டில் வன்முறை இருந்தாலும் இதே எண்ணில் சொல்லலாம். 'பிஃபிரெண்டர்ஸ்' கோலாலம்பூர் 03-76272929, 24 மணி நேரமும்.

சிகிச்சை எப்படி இருக்கும்?

லேசானது முதல் நடுத்தரம் வரை என்றால் பெரும்பாலும் பேச்சுச் சிகிச்சையில்தான் தொடங்குவார்கள். பேசினால் நோய் போகுமா என்று சந்தேகமா? பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. அங்கே சிகிச்சை கொடுத்தவர்கள் மனநல நிபுணர்கள் இல்லை. வீடு வீடாகப் போகும் சாதாரண கிராமச் சுகாதாரப் பணிப்பெண்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனம் சோர்ந்த கர்ப்பிணிகளையும் தாய்மார்களையும் தொடர்ந்து போய்ப் பேசச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வருகை மட்டும் கிடைத்த தாய்மார்களில் 53 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நீடித்தது. இந்தப் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் அது 23 விழுக்காடாக இருந்தது. பிறகு உலக சுகாதார நிறுவனமே அந்த முறையை வழிகாட்டி நூலாக வெளியிட்டது.

கடுமையாக இருந்தால் மருந்தும் சேரும். "பால் கொடுக்கிறேனே, மாத்திரை சாப்பிடலாமா?" என்பது நியாயமான கவலை. செர்ட்ரலின் போன்ற சில மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. பால் கொடுப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொன்னால் அதற்கேற்ப எழுதிக் கொடுப்பார். மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். "நாலு நாளாச்சு, ஒண்ணும் ஆகல" என்று நிறுத்தாதீர்கள். நன்றாக ஆன பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் விட்டுவிட்டால் சோர்வு திரும்பி வரலாம்.

இன்னொரு பயமும் உண்டு. "சொன்னா பைத்தியம்னு எழுதிடுவாங்க, பிள்ளையைப் பிடுங்கிடுவாங்க." சிகிச்சையின் நோக்கமே தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைப்பதுதான். குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ, கத்தி பட்டுவிடுமோ என்று வேண்டாத காட்சிகள் மனதில் வந்து போவது பல தாய்மார்களுக்கு நடப்பதே. அது வந்ததும் நீங்கள் பதறுகிறீர்கள் என்றால், அப்படிச் செய்ய உங்களுக்கு விருப்பமில்லை என்பதே அதன் பொருள். இதையும் டாக்டரிடம் தயங்காமல் சொல்லலாம்.

தாய்மார்களே, வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

தூக்கத்தை மருந்து மாதிரி நினையுங்கள். 24 மணி நேரத்தில் ஒரு முறையாவது நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க வழி பாருங்கள். பாலைப் பிழிந்து வைத்துவிட்டால் ஒரு வேளைப் பாலை வேறொருவர் கொடுக்கலாம். பால் போதவில்லை, பால் மாவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அதற்காகக் கூனிக் குறுக வேண்டாம்.

தினமும் கொஞ்சம் வெளிச்சம் உடம்பில் படட்டும். பிளாட்டின் கீழே பத்து நிமிடம் நடந்தாலும் போதும். உடம்பு தேறியதும் தண்ணீர்மலைப் பூங்கா பக்கமோ கர்னி கடற்கரையிலோ சாயங்காலம் ஒரு நடை போய் வரலாம்.

பேஸ்புக்கில் வரும் பளபள அம்மாக்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். நம்பும் ஒரே ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டு வேலை ஒரு நாள் கிடந்தால் கிடக்கட்டும்.

கணவர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும்

"நாங்கெல்லாம் ஆறு பெத்தோம், இப்படியா உட்கார்ந்து அழுதோம்?" என்று சொல்லாதீர்கள். அன்றைக்கும் அழுதவர்கள் இருந்தார்கள். அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. "பிள்ளை முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துடும்" என்பதும் உதவாது. மறக்கவில்லை என்பதுதான் அந்தப் பெண்ணின் வேதனையே.

அதற்குப் பதில், ராத்திரி ஒரு வேளை பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். வந்து போகும் விருந்தாளிகளைக் குறையுங்கள். கிளினிக்குக்கு நீங்களே நாள் குறித்து, கூடவே போங்கள். பெண் பிள்ளை பிறந்ததைப் பற்றியோ குழந்தையின் நிறத்தைப் பற்றியோ யாராவது குத்திப் பேசினால், அவளுக்குப் பதிலாக நீங்கள் வாயைத் திறங்கள்.

2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் வேலை செய்யும் தாய்க்கு 98 நாள் மகப்பேறு விடுப்பும், தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு. தந்தை தம் முதலாளிக்கு 30 நாளைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். அந்த ஏழு நாளில் விருந்து ஏற்பாட்டைவிட இரவு வேலைகளைப் பகிர்வது முக்கியம். புதிய தந்தையர்களில் பத்தில் ஒருவருக்கும் மனச்சோர்வு வருகிறது. உங்களுக்கு அப்படி இருந்தால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது?

தற்கொலை எண்ணம் வந்தால், "நானும் பிள்ளையும் போயிடுறோம்" என்ற பேச்சு வந்தால், இல்லாத குரல் கேட்டால், இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல் நிலைகுலைந்து பேசினால், 999ஐ அழையுங்கள் அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தாயைத் தனியாக விடாதீர்கள். குழந்தையை நம்பகமான ஒருவர் கையில் வைத்திருக்கட்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்க வேண்டாம். 2023இல் நம் சட்டம் மாற்றப்பட்டு, தற்கொலைக்கு முயல்வது இப்போது குற்றமாகக் கருதப்படுவதில்லை.

அடுத்த முறை குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும்போது, குழந்தையைக் கொஞ்சிய பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். "நீ எப்படிம்மா இருக்கே? உண்மையைச் சொல்லு" என்று கேளுங்கள். "நல்லா இருக்கேன்" என்று சட்டென்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.